கல் யாருடையது?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பாகம். மேலே ஒரு பெரிய கல். கல்லின் மேல் மேசை நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்துகொண்டு விரலை நீட்டிக் கத்துகிறார். நாலு பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். இவர் 'பாஸ்'. கீழ்ப் பாகத்தில் அதே கல், அதே கயிறு, அதே நாலு பேர். கத்தியவர் இறங்கி வந்து கயிற்றின் முனையில் நின்று தானும் இழுக்கிறார். இவர் 'லீடர்'. காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறையாவது வந்துவிடும்.

சென்ற வருஷம் தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் கூடத்தில் இதைச் சுவரளவு பெரிதாகப் பார்த்தேன். நான் வேலை பார்ப்பது கிராமங்களில் கடன் கொடுத்து வசூலிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில். பெயர் வேண்டாம். டெல்டா கிளைகளின் மேலாளர்கள் முப்பது பேரைக் கூட்டி வைத்து ஒரு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி. பயிற்சியாளர் நல்ல குரல்காரர். "பாஸ் 'போ'ம்பாரு. லீடர் 'வாங்க, போவோம்'பாரு. நீங்க யாரு?" என்று கேட்டார். "லீடர்!" என்று முப்பது பேரும் கத்தினோம். என் குரலும் அதில் உண்டு.

அடுத்து ராஜராஜன் வந்தான். தஞ்சாவூரில் தலைமை பற்றிப் பேச வருகிறவர்கள் ராஜராஜனை விட்டுவிட்டுப் போவதில்லை. ஓட்டலிலிருந்து ஒரு ஆட்டோ தூரத்தில் பெரிய கோயில் இருக்கிறது. 1010-இல் முடித்த கோயில். எங்கள் ஊர் வண்டல் ஊர். மண்வெட்டி போட்டால் களிமண் வரும், மணல் வரும், கருங்கல் வராது. அங்கே நிற்கிற ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து யாரோ இழுத்து வந்தது. அந்தச் சுவர்களில் யார் எத்தனை பொன் கொடுத்தார்கள், எத்தனை விளக்கு கொடுத்தார்கள் என்று இருக்கிறது. கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் கூட இருக்கின்றன. கல்லை இழுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எதையும் நான் கண்டதில்லை.

அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. படத்தின் இரண்டு பாகத்திலும் மாறாமல் இருப்பது கல். அது யாருடையது? எங்கே போகிறது? போய்ச் சேர்ந்ததும் அந்த நாலு பேருக்கு என்ன கிடைக்கும்? ஒருவன் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? படம் இதில் எதையும் கேட்பதில்லை. உட்கார்ந்திருந்தவர் இறங்கி வந்ததும் கதை முடிந்துவிடுகிறது, எல்லாரும் கை தட்டுகிறோம்.

நான் கை தட்டக் கூடாதவன். ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

*

என் தாத்தா ஒரு பண்ணையில் காரியக்காரர். மன்னார்குடிக்குத் தெற்கே, சில வேலி நிலம் உள்ள பண்ணை. ஒரு வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மிராசுதார் பெரும்பாலும் பட்டணத்தில் இருப்பார். நிலத்தையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டது தாத்தா. இன்றைய பாஷையில் சொன்னால் மிடில் மேனேஜ்மென்ட். அவரும் பண்ணையின் சம்பளக்காரர்தான். ஆனால் சேரியில் அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும்.

பண்ணையாள் முறையை அறியாத தலைமுறைக்கு ஒரு வார்த்தை. பண்ணையாள் கூலிக்கு வந்து போகிறவன் அல்ல. அவன் குடிசை நிற்கும் மண் பண்ணையுடையது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பண்ணையில். அவன் செத்தால் கடன் மகன் தலையில். கூலி நெல்லாக, படிக்கணக்கில். அறுவடை முடிந்தால் களத்தில் கொஞ்சம் களவடி. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு வேட்டி, ஒரு புடவை. பொண்டாட்டி பிள்ளையும் அதே பண்ணையில் வேலை செய்ய வேண்டும். தப்புச் செய்தால் சவுக்கடி. சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள், அதற்குச் சாணிப்பால் என்று பெயர். பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளரும் பறையரும். சாதியும் கடனும் சேர்ந்து கட்டிய கயிறு அது.

எங்கள் வீட்டில் இரண்டு மரக்கால் இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்று களத்திலிருந்து பத்தாயத்துக்கு நெல் அளக்க. இன்னொன்று ஆட்களுக்குக் கூலி அளக்க. கூலி மரக்காலில் அடி கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அப்பாயி இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க தாத்தா கை ராசிக்காரருடா. அவரு அளந்தா பண்ணைக்குக் கொறையவே கொறையாது."

கூலி மரக்கால் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பாலிஷ் போட்டு, காய்ந்த தாமரைக் காய்களைச் செருகி அழகுக்கு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து "ஆன்டிக்கா?" என்று கேட்பார்கள்.

தாத்தா சாட்டையை எடுத்தாரா? கேட்டிருக்கிறேன். "அவரு நல்லவரு, நோவு நொடின்னா சேரிக்குக் கஞ்சி அனுப்புவாரு" என்ற பதில்தான் வரும். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

*

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தக் 'கஞ்சி அனுப்பிய' கதைக்குப் பஞ்சமே இல்லை. பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் எல்லாம் ஒரு நல்ல ஆண்டை வருவார். ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளைக்குப் பெயர் வைப்பார், வெள்ளம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. இருந்திருப்பார்கள். பயிற்சி வகுப்பின் அளவுகோலை வைத்தால் அவர்கள் எல்லாரும் அப்பழுக்கற்ற லீடர்கள்.

அந்த நல்ல மனசை ஒரு சட்டம் சோதித்துப் பார்த்தது. 1952-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, இவ்வளவு கூலி கொடுத்தாக வேண்டும் என்றது சட்டம். தாங்களாக இஷ்டப்பட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கடமையாகக் கொடு என்றதும் என்ன நடந்தது? பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல் தினக்கூலிக்கு ஆள் எடுப்பது பெருகியது. பேர் வைத்த பிள்ளை, கஞ்சி குடித்த குடும்பம் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்தன. கருணை இருந்தது உண்மை. அது எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தவரை மட்டும் இருந்தது.

ஆகவே நல்ல குணம் பாஸைத் தலைவன் ஆக்காது. சரி, முன்னால் நடப்பது? 'வாங்க, போவோம்' என்று தானும் கூட வருவது?

அதற்குப் பதில் கீழ்வெண்மணியில் இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு. ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட கூலித் தகராறு என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அதற்குள் இன்னொரு தகராறு இருந்தது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவர். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது தொழிலாளர்களுக்கு வந்த நிபந்தனை. இதைக் கவனிக்க வேண்டும். நிலம் அவர்களுடையது, வேலை அவர்கள் கொடுப்பது, அதிகாரம் அவர்கள் பக்கம். அதுவும் போதவில்லை. தங்களைத் தலைவர்கள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள்.

வழக்கு நடந்தது. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-இல் நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் 10 வருடத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிறைய நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் ஆட்களை ஏவிவிட்டுத் தாங்கள் பின்னால் நிற்காமல், தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் வரும் பகுதியைத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தீர்ப்பை முன்பு பலமுறை படித்துக் கோபப்பட்டிருக்கிறேன். ஓட்டல் கூடத்தில் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அது வேறு மாதிரி ஞாபகம் வந்தது. பாஸ் என்பவன் 'போ' என்று சொல்கிறவன், தானே வருகிறவன் இல்லை. பயிற்சியாளரின் சூத்திரமும் நீதிமன்றத்தின் நம்பிக்கையும் ஒன்றேதான்! கீழ்வெண்மணிக்காரர்களும் கீழ்நீதிமன்றமும் சொன்னது வேறு. அன்று ராத்திரி முதலாளிகள் நேரில் வந்தார்கள் என்றார்கள். 'வாங்க, போவோம்' என்று சொல்லி முன்னால் நடந்தாலும் முதலாளி முதலாளிதான் என்பதை அந்த மக்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். முன்னால் நடப்பதுதான் தலைமையின் அடையாளம் என்றால் அந்த இரவுக்கு என்ன பெயர் வைப்பது?

*

அப்படியானால் தலைமை என்ற ஒன்றே கிடையாதா? உண்டு. அதே மண்ணில்தான் உண்டு. அதற்கு 25 வருடம் பின்னால் போக வேண்டும்.

1943-இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். தாய்மொழி கன்னடம், பிறப்பால் பிராமணர், படிப்பை விட்டுவிட்டுச் சுதந்திரப் போராட்டத்துக்கு வந்து ஜெயிலுக்குப் போய், பிறகு கம்யூனிஸ்ட் ஆனவர். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளையைக் கட்டினார். சேரியில் தங்கினார், சேரியில் சாப்பிட்டார். 'அடித்தால் திருப்பி அடி' என்று அவர் சொன்னதாக டெல்டாக் கிராமங்களில் இன்றும் சொல்வார்கள்.

அவரைப் பின்தொடர்ந்த பண்ணையாளுக்கு அவர் கொடுக்கக் கூடியது என்ன? ஒரு படி நெல் கிடையாது. குடிசை போட மண் கிடையாது. அடமானமாக வைத்திருக்க ஒரு கடன் பத்திரம் கூட அவரிடம் இல்லை. அவர் கூட்டத்துக்குப் போனால் அடி விழும், குடிசை பிரிக்கப்படும். போகாமல் இருந்தால் நஷ்டம் எதுவும் இல்லை. எந்த நிமிஷமும் அவரை விட்டுவிட்டுப் போகலாம், போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும் வந்தார்கள். விட்டுப் போக முழு உரிமை இருந்தும் போகாமல் கூட நின்றார்களே, அதைத்தான் நான் தலைமை என்பேன். பண்ணையை விட்டுப் போக முடியாதவன் ஆண்டையின் பின்னால் நடப்பதும் இதுவும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். எங்கள் வீட்டு இரண்டு மரக்காலும் அப்படித்தான் தெரிந்தன.

1944-இல் மன்னார்குடியில் மிராசுதார் தரப்பும் விவசாயிகள் சங்கமும் அதிகாரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் ஏற்கப்பட்டது. நெல்லை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்பதும் அந்தக் காலத்துக் கோரிக்கைகளில் ஒன்று. முத்திரை மரக்கால் என்றால் சர்க்கார் முத்திரை குத்திய மரக்கால். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே அளவு. எனக்கு இந்தக் கோரிக்கை மேல் தனிப் பிரியம். அதில் யாரும் ஆண்டையை நல்லவனாக மாறச் சொல்லிக் கெஞ்சவில்லை. அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் சரி, மரக்கால் சரியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

கூட வந்தவர்களை அவர் வெறும் தொண்டர்களாகவும் வைத்திருக்கவில்லை. பண்ணையாள் குடும்பத்தில் பிறந்த களப்பால் குப்பு அந்த இயக்கத்தின் பெரிய தலைவராக வளர்ந்தார், 1948-இல் திருச்சிச் சிறையில் இறந்தார். சீனிவாசராவ் 1961-இல் இறந்தார். 1968-இல் வெண்மணிக்காரர்கள் கொடியை இறக்க மாட்டோம் என்றபோது அவர் செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இல்லாமலேயே நிமிர்ந்து நின்றார்கள்.

வெண்மணிக்குப் பிறகு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையும் சொல்ல வேண்டும். வேறு கட்சி, வேறு வழி. காந்தி, வினோபா வழி. எரிந்த செய்தி கேட்டுக் கீழத் தஞ்சைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். நிலம் உள்ளவர்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தலித் குடும்பங்களுக்கு மாற்றினார். அந்தப் பத்திரங்களில் பெயர் பெண்களுடையது. கம்யூனிஸ்டுகளுக்கும் சர்வோதயக்காரர்களுக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம். ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. கல்லை இன்னும் வேகமாக இழுப்பது எப்படி என்று அவர்கள் சொல்லித் தரவில்லை. கல் யாருடையது என்று கேட்டார்கள்.

*

ஒரு ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். "தலைவர்கள் மட்டும் ஒழுங்கா? ஆண்டை போன இடத்துல கட்சிக்காரன் உக்காந்துட்டானே?" உண்மைதான். கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லோடு வாரக்கணக்கில் காத்துக் கிடப்பவனிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு நிலமும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். யாரிடம் போனால் டோக்கன் கிடைக்கும், யாரைப் பகைத்தால் வீட்டுத் திட்டத்தில் பெயர் வராது என்று ஊருக்கே தெரியும். ஃப்ளெக்ஸில் கைகூப்பிச் சிரிக்கிறவரை 'தலைவர்' என்று போட்டிருக்கும். அவரை விட்டு விலகினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். சோறு போகும் என்றால் அவர் ஆண்டை. ஒன்றும் ஆகாது, ஆனாலும் அவர் கூடத்தான் இருப்போம் என்றால் தலைவர். சட்டையின் நிறத்தைப் பார்க்கத் தேவையில்லை. சங்கத்துக்கும் கட்சிக்கும் இயக்கத்துக்கும் இதே கேள்விதான்.

இனி என் முறை.

போன வருஷம் மார்ச்சில் மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு பட்டியல் வந்தது. வசூல் குறைந்த களப்பணியாளர்கள் நாலு பேர். காலை ஆறரைக்கு பைக்கை எடுத்து, மகளிர் குழுக் கூட்டம் ஒவ்வொன்றாக முடித்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கணக்கு ஒப்படைக்கிற பையன்கள். அந்த மாசம் மழையில் உளுந்து போயிருந்தது, கட்ட யாரிடமும் காசு இல்லை. பட்டியலில் அதற்கு இடம் இல்லை. நான் அவர்களை அறைக்குள் கூப்பிட்டு, டீ சொல்லி, தோளில் கை போட்டு, "நாமெல்லாம் ஒரு குடும்பம்ப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடிதான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். டீயைத் தொடவில்லை. "சார், குடும்பத்துல யாரும் யாரையும் லிஸ்ட் போட மாட்டாங்க சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு இருந்தால் எடுத்துக் காட்டுவானே, அந்தக் குரல்.

அன்றைக்கு ராத்திரி அந்த மரக்காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கையை விட்டால் அடி சீக்கிரம் தட்டுப்படுகிறது. அவர்கள் நேரத்தை அளக்க என் நிறுவனத்திடம் ஒரு மரக்கால் இருக்கிறது: கைபேசிச் செயலி, எங்கே நின்றாய், எத்தனை நிமிஷம் நின்றாய் என்று சொட்டு விடாமல் அளக்கும். அவர்களுக்குக் கொடுப்பதை அளக்க வேறொரு மரக்கால்: ஊக்கத்தொகை, பிடித்தம், 'மேலிடம் முடிவு செய்யும்'. அளந்து போடுவது நான். தாத்தாவுக்கு இருந்த கை ராசி எனக்கும் இருக்கிறது.

நான் வேலையை விடவில்லை. விட்டதாக எழுதினால் இந்தக் கட்டுரை இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். பெண் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டுக்கடன் இருக்கிறது. நான் ஒரு பாஸ். என்னை விட்டுப் போனால் சோறு போகும் நிலையில்தான் என் கீழே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் என் பேச்சைக் கேட்பதற்குக் காரணம் அதுதான். இதைத் தலைமை என்று சொல்லிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். 'குடும்பம்' என்ற சொல்லையும் அலுவலகத்தில் சொல்வதில்லை.

பாஸாக இருப்பதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. வேலை என்று இருந்தால் வேலை சொல்ல ஒருவர் வேண்டும். அவர் பாஸாகவே இருக்கட்டும். என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு சம்பளம், எந்தக் காரணத்துக்கு நீக்கலாம் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். ஆட்கள் சங்கம் வைத்தால் எதிரே உட்கார்ந்து பேசட்டும். மழையில் பயிர் போன மாசத்தை மழையில் பயிர் போன மாசம் என்றே கணக்கில் எழுதட்டும். 1944-இல் மன்னார்குடியில் கேட்ட அந்த முத்திரை மரக்காலைத்தான் கேட்கிறேன். அன்பு, அரவணைப்பு, தோளில் கை எல்லாம் அதற்கப்புறம் வரட்டும், வராமலும் போகட்டும்.

இந்த வருஷப் பயிற்சிக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அதே ஓட்டல். அதே படத்தைப் போடுவார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை கை தூக்கிக் கேட்கப் போகிறேன், கல் யாருடையது என்று. கூடத்தில் சிரிப்பார்கள். அந்த மரக்காலையும் பையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். தாமரைக் காய்களை எடுத்தாயிற்று.